வெங்காயத் தோலில் அவள் பார்த்தது

வேலையில் பிடிக்காதவர்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள் என்று சொல்வதுண்டு. என்னைப் போட்ட இடத்தில் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். கிழக்கே கடல், மேற்கே கழுவெளி ஏரி, நடுவில் பாத்தி பாத்தியாக உப்பளம். குடிக்க மட்டும் ஒரு வாய் கிடையாது. மரக்காணத்தில் ஆறு வருஷம் இருந்தேன். அந்த ஆறு வருஷமும் குடித்தது கேன் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும், தலைக்குக் குளிப்பது உட்பட, உப்புத் தண்ணீர்.

பங்குக் கோயிலை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. வேலையில் சேர்ந்தபோது, "ரெண்டே வருஷம்மா, அப்புறம் உங்க ஊருக்கே மாத்திடறோம்" என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். என் ஊர் நெய்வேலி. கணவருக்கு வேலை அங்கே, மகளுக்குப் பள்ளிக்கூடம் அங்கே, நிர்வாகத்துக்கும் அங்கே ஒரு பள்ளி உண்டு. ஆனால் அந்தப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர் ஓய்வு பெற்றால்தான் எனக்கு இடம். முன்பின் பார்த்திராத ஒரு மனிதருக்கு எப்போது அறுபதாகும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பது நல்ல புத்தியல்ல என்று எனக்கும் தெரியும். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

சிமென்ட் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, மூடினால் புழுக்கம். அடுப்பு, பீரோ, குடைக் கம்பி என்று எதை வாங்கி வைத்தாலும் ஒரே வருஷத்தில் துரு தின்றுவிடும். திங்கட்கிழமை இருட்டோடு நெய்வேலியில் பஸ் ஏறி, கடலூரிலும் புதுச்சேரியிலும் மாறி, பள்ளி மணி அடிக்கும்போது மூச்சு வாங்க வந்து நிற்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே பஸ்களைத் தலைகீழாகப் பிடிப்பேன். நடுவில் இருக்கிற நாட்களில் அந்த அறைக்கும் பள்ளிக்கும் இடையே நடப்பதைத் தவிர எனக்கு வேறு போக்கிடம் இல்லை. எனக்கு எரிச்சல் ஜாஸ்தி. அங்கே இருந்தபோது இன்னும் ஜாஸ்தி. கதவுத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டால்கூடக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஆறாவது வருஷம் பொங்கல் கழிந்து மகளுக்குக் காய்ச்சல். அவளுக்கு அப்போது ஏழு வயது. லீவு போட்டுவிட்டு ஓடினேன். ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடியும்போது கண் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அத்தைய கூப்புடு" என்றாள். கணவரின் அக்காதான் அவளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் எழுந்து இடம் விட்டேன். பிரசவத்தில்கூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

அதனால்தான் பிப்ரவரியில் தலைமையாசிரியை சிஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நெய்வேலி சார் இந்த ஏப்ரலோட ரிட்டயர்டு ஆகறாரு. அந்த எடத்த மூணு பேரு கேட்டிருக்கீங்க. அங்க புதுசா லேப் கட்டியிருக்காங்க இல்ல, லேப் கிளாஸ் எடுக்கத் தெரிஞ்சவங்கதான் வேணுமாம். மார்ச்சுல ஃபாதர் வந்து மூணு பேரு கிளாஸையும் நேர்ல பாக்கப் போறாரு. நல்லா ஒரு பிராக்டிகல் வச்சுக் காட்டுங்க. அப்புறம் கடவுள் சித்தம்."

நிர்வாகத்தின் பள்ளிகளையெல்லாம் கவனித்துக்கொள்ளும் ஃபாதரைத்தான் சொன்னார். கடவுள் சித்தத்தை நான் சிஸ்டரிடமே விட்டுவிட்டேன். என் கையில் இருந்தது பிராக்டிகல்.

எங்கள் பள்ளியில் லேப் என்பது ஒரு ஸ்டீல் பீரோ. அதற்குள் ஒரு மைக்ராஸ்கோப், நாலைந்து பீக்கர், உடைந்த ஒரு காந்தம். மைக்ராஸ்கோப்பின் திருகு உப்புக் காற்றில் இறுகிப்போய்க் கிடந்தது. தையல் மெஷின் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, திருப்பித் திருப்பிக் கை காய்த்த பிறகு அசைந்தது. லென்ஸைப் பழைய பருத்திப் புடவைத் துணியால் துடைத்தேன். என்ன காட்டலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறாம் வகுப்புக்குச் செல் பாடம். வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடியில் வைத்தால் போதும்.

அந்தப் பாடத்தை நவம்பரிலேயே கரும்பலகையில் நடத்தி முடித்திருந்தேன். முப்பத்து நாலு பிள்ளைகள். பாதிப் பேர் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மீதியில் பெரும்பாலும் அனுமந்தைப் பக்கத்து மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள். உயிருள்ளவை எல்லாம் செல்லால் ஆனவை, செங்கல் அடுக்கி வீடு கட்டுவதுபோல என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"வேப்பமரத்துக்கு இருக்குதா மிஸ்?"

"இருக்கு."

"ஈக்கு?"

"இருக்கு."

"உப்புக்கு?"

"இல்லை. உப்புக்கு உயிர் இல்லையே."

"ஆனா அது பாத்தியில வளருது மிஸ். நான் பாத்திருக்கேன். காலைல சின்னதா இருக்குது, சாயங்காலம் பெருசாயிடுது."

இதைக் கேட்டவள் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிற ஒரு பெண். அவள் அம்மா பள்ளியின் பின்சுவரை ஒட்டிய அளத்தில் உப்பு வாருகிறவர். லீவு நாளில் இவளும் அங்கே போய் வரப்பில் உட்கார்ந்திருப்பாள். எதைச் சொன்னாலும் "நான் பாத்திருக்கேன்" அல்லது "நான் பாக்கலியே" என்று சொல்கிற பிள்ளை. அவளுக்குப் பதில் சொல்வது எனக்குப் பெரும் பாடு. ஒரு பொருள் பெரிதாவது வேறு, உயிரோடு வளர்வது வேறு என்று நான் விளக்கி முடித்தபோது, பின்னால் இருந்து ஒருவன் கருவாட்டுக்குச் செல் உண்டா என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. உண்டு, ஆனால் உயிர் போய்விட்டது என்றேன். அப்படியானால் ஏன் அழுகவில்லை என்றான். உப்பு போட்டால் உள்ளே இருக்கிற தண்ணீரையெல்லாம் அது வெளியே இழுத்துவிடும், அதனால்தான் என்றேன். இதை நானே, என் வாயால், நவம்பரில் சொன்னேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஃபாதர் வருவதற்கு முந்தின வாரம் தினமும் பள்ளி விட்ட பிறகு ஒத்திகை பார்த்தேன். சாயப் புட்டி காலியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் பெரிய வெங்காயத்தில் கருஞ்சிவப்பாக இருக்கிற மேல்பக்கத் தோலை எடுத்துக்கொண்டேன். அதற்குச் சாயம் வேண்டாம், அதன் நிறமே காட்டிவிடும். பிளேடால் கீறி, மெல்லிசாக உரித்து, என் பாட்டிலில் இருந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, மேலே ஒரு கண்ணாடிச் சில்லு. குனிந்து பார்த்தால் வரப்பு கட்டிய பாத்திகள் மாதிரி வரிசை வரிசையாகச் செல்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பு வரைக்கும் இளஞ்சிவப்பு நிறைந்திருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தேன். ஊர் மறந்துபோய், அறை மறந்துபோய், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். படிக்கும்போது இதைத்தானே ஆசைப்பட்டோம் என்று இருந்தது.

அந்த நாள் வந்தது. மார்ச் மாத வெயில், காலை பத்து மணிக்கே தகரக் கூரை கொதித்தது. ஃபாதர் வெள்ளை அங்கியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் சிஸ்டர். நான் வெங்காயத்தைக் கையில் எடுத்தேன். சொட்டு விடும் குப்பி காலியாக இருந்தது. என் பாட்டிலைப் பார்த்தேன், அதிலும் இல்லை. பதற்றத்தில் காலையிலிருந்து குடித்தே தீர்த்திருக்கிறேன். இரண்டாவது பெஞ்சுப் பெண்ணிடம் குப்பியைக் கொடுத்து, "ஓடிப் போய்த் தண்ணி புடிச்சிட்டு வா" என்றேன். அவள் ஓடிப் போய் வந்தாள். தோலை உரித்தேன், சொட்டு விட்டேன், ஃபாதர் பார்க்கிறார் என்கிற நினைப்பில் செல் என்றால் என்ன என்று ஐந்து நிமிஷம் அழகாகப் பேசினேன். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நான் முதலில் பார்க்கவில்லை. அதுதான் என் அவசரம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரிக்கும் அப்படித்தான்.

"அளம் மாதிரி இருக்குது மிஸ்!" என்றான் முதலில் பார்த்தவன். எனக்கு மனம் குளிர்ந்தது. இரண்டாவதாகப் பார்த்தவளும் அதையே சொன்னாள். எட்டாவதோ ஒன்பதாவதோ ஆளாக இரண்டாவது பெஞ்சுப் பெண் வந்தாள். மற்றவர்களைப் போல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை. பின்னால் நிற்கிறவர்கள் தள்ளினார்கள்.

"மிஸ், பைக்குள்ள இன்னொரு பை இருக்குது" என்றாள். "உள்ள இருக்கறது சின்னதா சுருங்கிக் கெடக்குது. சொவுத்த வுட்டு தள்ளி நிக்கிது."

ஃபாதர் எழுந்து வந்தார். எனக்கு முன்னால் அவர் குனிந்து பார்த்தார். அவர் வரலாறு படித்தவர். பள்ளிக்கூடத்தில் வரைந்த படம் மட்டும் ஞாபகத்தில் இருந்திருக்கும்.

"நடுவுல சிவப்பா தெரியுதே, இதான் நியூக்ளியஸா?"

நான் குனிந்து பார்த்தேன். செல் சுவர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் ஒத்திகையில் விளிம்பு வரை நிறைந்திருந்த நிறம், ஒவ்வோர் அறைக்குள்ளும் நடுவில் சுருண்டு, கருத்து, ஒரு கட்டியாக ஒதுங்கி நின்றது. நான் ஒரு வாரமாகப் பார்த்தது இது இல்லை. என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. நான் விலங்கியல்காரி, தாவரப் பாடத்தைத் தாண்டிக் குதித்து வந்தவள். எனக்குத் தெரியவில்லை ஃபாதர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் கையில் நெய்வேலி இருந்தது.

"ஆமா ஃபாதர்" என்றேன். "உட்கருதான்."

"அடடே! நாங்கல்லாம் படத்துலதான் பாத்தோம். இந்தப் புள்ளைங்க நேர்லயே பாக்குதுங்க."

"அது புக்குல புள்ளி மாதிரிதான் இருக்குது மிஸ்" என்றாள் அந்தப் பெண். "இது பெருசா, ஓரமெல்லாம் நெளிஞ்சி..."

"போய் உக்காரு" என்றேன். என் குரல் எனக்கே சுருக்கென்றது. அவள் போய் உட்கார்ந்தாள்.

பிறகு எல்லோரும் ரெக்கார்டு நோட்டில் வரைந்தார்கள். கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் உட்கருவைச் சின்னப் புள்ளியாக வைத்து, சுற்றிலும் சைட்டோபிளாசம் என்று எழுதச் சொன்னேன். கரும்பலகையிலும் போட்டுக் காட்டினேன். ஃபாதர் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். முப்பத்து மூன்று நோட்டில் ஒரே படம். இரண்டாவது பெஞ்சில் மட்டும் கட்டங்களுக்குள் நெளிந்த கட்டிகள், சுவரைத் தொடாமல், பென்சிலால் கவனமாகக் கருக்கி வரைந்திருந்தன. அதைத் தாண்டும்போது நான் ஃபாதருக்கும் அந்த நோட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். அவர் கவனிக்கவில்லை. பார்வையாளர் புத்தகத்தில், இப்பள்ளியில் மாணவர்கள் செல்லின் உட்கருவைத் தம் கண்ணாலேயே கண்டார்கள், படங்கள் அனைத்தும் மிகச் சிறப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

மதியம் பீரோவைப் பூட்டப் போனேன். ஜன்னலோரம் வைத்த கண்ணாடி வெயிலில் காய்ந்திருந்தது. தோலைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டேன். சதுரம் சதுரமாக உப்பு. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, கருவாட்டுக்கு நான் சொன்ன அதே உப்பு வேலைதான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"தண்ணி எங்க புடிச்ச?"

"மோட்டார்ல மிஸ்."

பள்ளியின் பின்பக்க மோட்டார் அளத்துக்கு இரண்டு அடி தள்ளி இருக்கிறது. கோடையில் அந்தத் தண்ணீர் பாத்திக்கு விடுகிற தண்ணீருக்கு இளைத்ததில்லை. பாத்திரம் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை படியும்.

"கேன் இருக்கு இல்ல? அதுல ஏன் புடிக்கல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "குடிக்கற தண்ணிய யாராச்சும் வெங்காயத்துக்கு ஊத்துவாங்களா மிஸ்?"

அந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். நல்ல தண்ணீர் வாய்க்கு, மோட்டார் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். கேன் தண்ணீரில் கை கழுவினால் அம்மா முதுகில் வைப்பாள். தண்ணி பிடித்து வா என்று மொட்டையாகச் சொன்னவள் நான்.

"தப்பா மிஸ்?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

அவள் போன பிறகு புதிதாக ஒரு துண்டு தோலை உரித்து மோட்டார் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது சுவரை விட்டு விலகிச் சுருண்டது. பிறகு அந்தத் தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டுக் கேன் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருண்டிருந்த கட்டி மெல்ல மெல்ல உப்பி, நெளிவு நிமிர்ந்து, நான்கு பக்கமும் நகர்ந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. செல்லுக்கு உயிர் இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் யாருக்கும் காட்ட முடியாது. ஆறு வருஷத்தில் நான் நடத்தியிருக்கக்கூடிய மிக நல்ல வகுப்பு அது. ஜன்னலுக்கு வெளியே முப்பத்து நாலு பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் கண்ணாடியைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் முழுக்க அதே யோசனை. கண்ணால் கண்டது உட்கரு இல்லை என்று சொன்னால், பார்வையாளர் புத்தகத்தில் எழுதியது பொய் என்றாகும். தெரியாமல் தப்பாகச் சொன்னவள் என்று ஃபாதர் நினைப்பார். லேப் நடத்த வேறு ஆளைப் பார்ப்பார். சொல்லாவிட்டால், முப்பத்து நாலு பிள்ளைகள் தப்பான ஒன்றை நம்பிக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போவார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம், மார்க் கிடைத்துவிட்டது, படமும் புத்தகத்தில் இருப்பதுதான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அந்த ஒரு பிள்ளை பார்த்திருக்கிறாளே. அதற்கு மட்டும் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை வரும்போது ஒரு முடிவோடு வந்தேன். பையில் இரண்டு வெங்காயம், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். முதல் பீரியடிலேயே காட்டிவிடுவது, ஃபாதருக்குக் கடிதம் எழுதிவிடுவது. வகுப்பில் நுழைந்து வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருக்கும்போது சிஸ்டரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஃபாதர் போன் பண்ணாரு. நீங்கதான்! ஜூன்ல அங்க ஜாயின் பண்ணணும். நம்ம ஸ்கூலுக்கே பெருமை. மத்த ஸ்கூலுக்கெல்லாம் இந்த நியூக்ளியஸ் கிளாஸப் பத்திச் சொல்லிட்டிருக்காராம்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். சாயங்காலம் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போன் பண்ணினேன். மகள் எடுத்தாள். "அம்மா இனிமே டெய்லி வீட்டுக்கு வந்துடுவேன்" என்றேன். "நெஜமாவா? பொய்யா?" என்றாள். "நெஜமா" என்றேன். அந்த இரண்டு வெங்காயமும் அன்று ராத்திரி ஆம்லெட்டில் போயின.

அதற்குப் பிறகு அந்த ஊர் இன்னும் இறுகிப்போனது. கிளம்பப் போகிறோம் என்று தெரிந்தால் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆறாம் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் இரண்டாவது பெஞ்சைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். அவள் கை தூக்கினால் வேறு யாரையாவது கூப்பிட்டேன். கொஞ்ச நாளில் அவள் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் கடைசி வேலை நாள். கணவர் நெய்வேலியிலிருந்து ஒரு மினி லாரி பேசிக்கொண்டு வந்திருந்தார். மகளும் கூட வந்திருந்தாள். பீரோ, அடுப்பு, கட்டில் எல்லாம் ஏற்றிப் பள்ளி வாசலில் கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள். நான் விடுவிப்பு உத்தரவு வாங்க சிஸ்டர் அறைக்குப் போனேன். மேஜையில் ஆறாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கியிருந்தன.

"எல்லாம் ரெடி. ஒரே ஒரு ரெக்கார்டுதான் பாக்கி, உங்க கையெழுத்தே இல்ல" என்று ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். "படத்தப் பாருங்க, இந்தப் புள்ள என்னமோ கிறுக்கி வச்சிருக்குது. இந்த நோட்டெல்லாம் நாளைக்கு ஃபாதர் ஆபீஸுக்குப் போவுது. கூப்புட்டு ஒழுங்கா வரைய வச்சுடுங்க. நான் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். மார்ச்சில் வரைந்தபடியே இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சுருண்ட கட்டி, அதற்கும் சுவருக்கும் நடுவே விட்ட வெள்ளை இடம். கட்டியின் ஓரத்து நெளிவுகூட ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கல்லூரியில்கூட அவ்வளவு நேர்மையான ஒரு படத்தை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அதன் கீழே ஒரு டிக் போட்டால் முடிந்தது. ஆனால் போட்டால், மற்ற முப்பத்து மூன்றும் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன என்று சிஸ்டர் கேட்பார்.

அந்தப் பெண்ணை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். நோட்டை விரித்து வைத்தேன்.

"இத அழிச்சிட்டு, போர்டுல போட்ட மாதிரி வரைஞ்சிடு. அஞ்சு நிமிஷம்தான்."

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான் பாத்தது இதான் மிஸ். நீங்களும் குனிஞ்சி பாத்தீங்க இல்ல?"

வாசலில் மினி லாரியில் இருந்த என் மகள் டிரைவர் மடியில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினாள். "அம்மா, வா! அம்மா, வா!" என்று கத்தினாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"பாத்தேன்" என்றேன். "புக்குல எப்படி இருக்குதோ அப்படித்தான் வரையணும்."

"அப்ப நான் பாத்தது தப்பா மிஸ்?"

அவள் அடம் பிடிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் என்ன சொன்னாலும் நம்புவதற்குத் தயாராக நின்றாள். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாத அந்தப் பிள்ளை, அன்றைக்கு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா" என்றேன். "தப்பு."

அவள் தலையை ஆட்டினாள். பாக்கெட்டில் துழாவினாள். "ரப்பர் இல்ல மிஸ்" என்றாள். என் கைப்பையைத் திறந்து ரப்பரை எடுத்து நானே கொடுத்தேன்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக அழித்தாள். அவசரப்படவில்லை. வாயால் ஊதித் தூசியைத் தள்ளிவிட்டு, வெறும் கட்டங்களுக்குள் ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். முப்பத்து மூன்று நோட்டில் இருந்த அதே படம். எழுந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இப்ப சரியா மிஸ்?"

"சரி" என்றேன். சிவப்புப் பேனாவால் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.